தையிலேயே நட்டுவிடுங்கள்: கொல்லையில் வெற்றிலைக் கொடி வளர்ப்பது எப்படி

வெற்றிலைக் கொடி நட நல்ல மாதம் எது என்று கேட்டால், தை கடைசியும் மாசி முதல் பாதியும் என்றுதான் நான் சொல்வேன். ஆனி, ஆடியில் நடுகிறவர்களும் உண்டு. வேளாண்மைத் துறையும் ஜனவரி–பிப்ரவரி, ஜூன்–ஜூலை என்று இரண்டு பருவம் சொல்கிறது. ஆனால் வீட்டுக் கொல்லையில் இரண்டு கொடி, நாலு கொடி வைப்பவர்களுக்கு முதல் பருவம்தான் தோது. அப்போது மழை ஓய்ந்திருக்கும், ஆனால் மண்ணுக்குள் ஈரம் இருக்கும். விடியற்காலையில் பனி இறங்கும். சம்பா அறுவடை முடிந்து புது வைக்கோல் தெருவிலேயே கிடைக்கும். எல்லாவற்றையும் விட, கத்திரி வெயிலுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் வேர் பிடித்துவிட்டால் கொடி கோடையைத் தாண்டிவிடும். பங்குனி கடைசியில் நட்டால், வேர் இறங்குவதற்கு முன்பே வெயில் வந்து தளிரைக் கருக்கிவிடும். இந்தச் செடியில் பாதி வேலை, நேரத்தில் நடுவதுதான்.

நான் தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கம், குடமுருட்டி ஆற்றங்கரையில் வாழ்க்கைப்பட்டவள். மாமனார் கொடிக்கால், அதாவது வெற்றிலைத் தோட்டம், வைத்திருந்தவர். அய்யம்பேட்டை, ராஜகிரி, பண்டாரவாடை, சுவாமிமலை என்று இந்தப் பக்கம் முழுக்க ஒரு காலத்தில் ஆற்றோரம் பார்த்தால் அகத்தி மரமும் அதில் ஏறின கொடியுமாகத்தான் இருக்கும். இப்போது குறைந்துவிட்டது. 2025இல் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடுதான் இதை எழுதுகிறேன். கொடிக்கால்கள் குறைந்த இடத்தில், வீட்டுக்கு ஒரு கொடியாவது இருக்கட்டும்.

கடையில் வாங்கும் வெற்றிலையை வைத்து நட முடியாது. இலையில் கணு கிடையாது, எவ்வளவு நாள் தண்ணீரில் போட்டு வைத்தாலும் கொடி வராது. கொழுந்து நுனியை மட்டும் கிள்ளி நடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் அழுகிப் போகும். விதைக்கொடி, அதாவது நடுவதற்கென்று வெட்டியெடுத்த கொடித் துண்டு, வேண்டும்.

விதைக்கொடி எடுப்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஒரு வருஷமாவது ஆன, நோய் இல்லாத கொடியாகப் பாருங்கள். அதன் கீழ்ப்பகுதி முற்றிக் கட்டையாகியிருக்கும், அது வேண்டாம். மேல்பகுதியில், அகத்தியை ஒட்டிக்கொண்டு நேராக ஏறும் தண்டுதான் நமக்கு வேண்டியது. அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு கணுவிலும் குட்டி குட்டியாக வெளுப்பாகவோ பழுப்பாகவோ வேர் முளைத்திருக்கும். மரத்தைப் பற்றிக்கொள்கிற அந்த வேர்தான் மண்ணுக்குள் போனதும் உணவெடுக்கிற வேராக மாறுகிறது. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையில் அந்த வேர் இருக்காது. பார்க்கத் தளதளவென்று இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். நாலு அல்லது ஐந்து கணு வருகிற மாதிரி, ஒன்றரை அடி நீளத்துக்கு, கணுவுக்குக் கீழே ஒரு விரற்கடை விட்டு, கூரான கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். கையால் ஒடித்தால் தண்டு நசுங்கி, அந்த வழியே அழுகல் ஏறும். கீழ் இலைகளைக் காம்போடு எடுத்துவிட்டு மேலே ஒன்றோ இரண்டோ விடுங்கள்.

வெட்டிய கொடியை அன்றைக்கே நடுவது நல்லது. பேருந்தில் தூரம் கொண்டுபோக வேண்டுமென்றால் ஈர வாழை மட்டையில் சுருட்டிக் கட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டால் உள்ளே வெந்துவிடும். நடுவதற்கு முன் லிட்டருக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நல்ல பாக்டீரியா) கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்தால் வாடல் நோய் வருவது குறையும். வேளாண் விரிவாக்க மையத்தில் சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) இரண்டும் கிடைக்கும்.

என்ன ரகம் என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். கற்பூரி, வெள்ளைக்கொடி, பச்சைக்கொடி, சிறுகமணி 1 என்று பல உண்டு. சிறுகமணி என்பது திருச்சிப் பக்கம் காவிரிக் கரையில் இருக்கிற ஊர். அங்கே இருக்கிற ஆராய்ச்சி நிலையத்தில் எடுத்த ரகம் அது. என் விருப்பம் வெள்ளைக்கொடி. உங்கள் ஊரில் யார் வீட்டுக் கொல்லையிலாவது நன்றாக ஏறி நிற்கிற கொடி இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். உங்கள் மண்ணையும் தண்ணீரையும் பழகின கொடி அது.

அடுத்து, எதில் ஏற்றுவது? கொடிக்காலில் அகத்தி. அதற்குக் காரணம் இருக்கிறது. சீக்கிரம் வளரும், இலை சன்னமாக இருப்பதால் வெயில் சல்லடை மாதிரி இறங்கும், அவரைக் குடும்பம் என்பதால் மண்ணுக்குத் தழைச்சத்தும் கொடுக்கும். தையில் கொடி நட வேண்டுமென்றால் புரட்டாசி தொடக்கத்திலேயே அகத்தி விதை போட்டிருக்க வேண்டும். மழையில் அது கிடுகிடுவென வளர்ந்து, தைக்குள் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். துவாதசிக்குக் கீரையும் ஆயிற்று, மாட்டுக்குத் தழையும் ஆயிற்று. இந்த வருஷம் போடத் தவறியவர்கள் கல்யாண முருங்கைப் போத்து ஊன்றலாம், இல்லையென்றால் கொல்லையில் ஏற்கனவே நிற்கும் தென்னையிலோ கமுகிலோ ஏற்றலாம். பூசாத செங்கல் சுவர் அல்லது கிணற்றடிச் சுவர் கிழக்கையோ வடக்கையோ பார்த்து இருந்தால் அதுவும் போதும். மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம். மாலை வெயிலில் சுவரே கொதிக்கும்.

இடம் பார்க்கும்போது நிழலை மட்டும் பார்த்துவிட்டுத் தண்ணீர் வடிகிறதா என்று பார்க்காமல் விடாதீர்கள். நம் டெல்டா மண் களி. ஒரு மழை பெய்தால் கொல்லையில் இரண்டு நாள் தண்ணீர் நிற்கும். வெற்றிலைக்கு ஈரம் உயிர், தேங்கிய தண்ணீர் எமன். அதனால்தான் கொடிக்காலில் மேட்டுப் பாத்தி போட்டு, இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் எடுப்பார்கள். வீட்டில் அவ்வளவு வேண்டாம். தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு மேடு கட்டுங்கள். குளத்து வண்டல் ஒரு பங்கு, கொல்லை மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாணி எரு ஒரு பங்கு. எரு மக்கியதா என்று பார்க்கக் கையில் எடுத்துப் பிசையுங்கள். சூடு இருக்கக் கூடாது, சாணி வாசனையும் இருக்கக் கூடாது. ஒரு மேட்டுக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து வைத்தால் வேரைத் தாக்கும் நூற்புழு கட்டுப்படும். அதோடு டிரைக்கோடெர்மா கொஞ்சம் சேர்த்து, ஈரமாக ஒரு வாரம் விட்டு வைத்துப் பிறகு நடலாம்.

நடுவது எளிது. மரத்துக்கு வடக்கிலோ கிழக்கிலோ, அடியிலிருந்து முக்கால் அடி தள்ளி, சாய்வாகக் குழி எடுங்கள். ஒரு மரத்துக்கு இரண்டு துண்டு. இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் போகட்டும், நுனி மரத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கட்டும். மண்ணைத் தள்ளிவிட்டு நன்றாக அழுத்துங்கள். இது முக்கியம். கணுவைச் சுற்றிக் காற்று இடைவெளி இருந்தால் அந்த வேர் காய்ந்துவிடும். சாயங்காலம் நட்டு, உடனே பூவாளியால் தண்ணீர் விட்டு, மேலே ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்து மறைப்புக் கட்டுங்கள். அடியில் வைக்கோல் பரப்புங்கள், ஆனால் தண்டை ஒட்டாமல் நாலு விரல் தள்ளி. இரண்டு மூன்று வாரத்தில் இலைக் கக்கத்திலிருந்து கூராக ஒரு மொட்டு விலகி வரும். அது வந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை இழுத்துப் பார்க்காதீர்கள்.

சரி, தண்ணீர். இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். நாம் கொடி நடுகிற நேரமும் வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோகிற நேரமும் ஒன்று. ஆகவே தையிலிருந்து ஆனி வரைக்கும் கிணறு, அடிகுழாய், போர்தான். நம் பாபநாசம், கும்பகோணம் பக்கத்தில் நிலத்தடி நீர் நன்றாக இருக்கிறது, கவலை இல்லை. கீழே நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போகப் போக உப்பு ஏறும். வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீரை வெற்றிலை தாங்காது. இலை ஓரம் முதலில் கருகும், பிறகு கொடியே குன்றிப்போகும். அந்தப் பக்கம் இருப்பவர்கள் தொட்டியில் வையுங்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து விடலாம், அல்லது வீட்டுக்கு வரும் குடிநீரை ஒரு இரவு வாளியில் திறந்து வைத்து, குளோரின் போன பிறகு விடலாம்.

எவ்வளவு விட வேண்டும்? முதல் பத்து நாள் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு ஒரு நாளைக்கு ஒரு முறை. கணக்கு வைத்து விடாதீர்கள், மண்ணைத் தொட்டுப் பார்த்து விடுங்கள். வைக்கோலை விலக்கி, நடுவிரலை இரண்டு கணு ஆழத்துக்கு உள்ளே விடுங்கள். விரலில் மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்றைக்கு வேண்டாம். பொலபொலவென்று உதிர்ந்தால் விட்டாக வேண்டும். விரலை எடுத்த குழியில் தண்ணீர் கசிந்து பளபளத்தால் வடிகால் சரியில்லை, உடனே பக்கத்தில் கீறி வழி விடுங்கள். சித்திரை, வைகாசியில் வேருக்கு மட்டும் விட்டால் போதாது. வெயில் இறங்குகிற நேரத்தில் மரத்தின் மேலும் சுற்றியுள்ள தரையிலும் தெளித்துவிடுங்கள். இந்தச் செடிக்குக் காற்றிலும் ஈரம் வேண்டும். ஆற்றோரப் படுகையில் அது தன்னால் கிடைத்தது. வீட்டில் நாம்தான் உண்டாக்க வேண்டும். பாத்திரம் கழுவுகிற தண்ணீரைத் திருப்பி விடாதீர்கள். சோப்பும் உப்பும் எண்ணெயும் சேர்ந்த அந்தத் தண்ணீரில் வாழை வேண்டுமானால் பிழைக்கும், வெற்றிலை பிழைக்காது.

நிழலும் அப்படியே, அளவாக. முழு வெயிலில் இலை மஞ்சளாகி, சிறுத்து, தடித்துக் காரம் ஏறும். இருட்டு மூலையில் வைத்தால் கணுவுக்குக் கணு நீண்டு, இலை வராமல் கொடி மட்டும் ஓடும். கோடையில் அகத்தித் தழையைத் தொடாதீர்கள். மழைக்காலம் தொடங்கும்போது பாதியைக் கழித்துவிடுங்கள், காற்றும் வெளிச்சமும் உள்ளே போகட்டும்.

நட்ட மாதத்துக்குள் ஏறுதண்டு வரும். அதைக் கட்டிவிட வேண்டும். பிளாஸ்டிக் கயிறு, சணல் எதுவும் வேண்டாம், வாழை நார்தான். காய்ந்த வாழைப் பட்டையை விரல் அகலத்துக்குக் கிழித்து, தண்ணீரில் நனைத்து வைத்துக்கொள்ளுங்கள். கொடியை மரத்தோடு சேர்த்து, கணுவுக்குச் சற்றுக் கீழே நாரைச் சுற்றி, நடுவே சுண்டுவிரல் நுழைகிற இடம் விட்டு ஒரு சுருக்கு. இறுக்கினால் தண்டு பெருக்கும்போது வெட்டிவிடும். கணுவே மரத்தில் படிந்திருக்க வேண்டும், அப்போதுதான் அந்த வேர் பட்டையைப் பற்றும். அரை அடிக்கு ஒரு கட்டு, பதினைந்து இருபது நாளுக்கு ஒரு முறை. அதற்குள் பழைய நார் மக்கி விழுந்திருக்கும், அவிழ்க்கிற வேலை இல்லை. மாமா கட்டும்போது நான் பக்கத்தில் நார் எடுத்துக் கொடுப்பேன். "நுனிய மட்டும் தொட்டுடாதம்மா" என்பார். நுனியில் இருக்கும் அந்தக் கூர் மொட்டு ஒடிந்தால் அந்தக் கொடி மேலே போகாது, பக்கத்திலிருந்து இன்னொன்று வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

எரு விஷயத்தில் கை தாராளம் வேண்டாம். மாதம் ஒரு முறை மக்கிய சாணி எரு இரண்டு கைப்பிடி, வேப்பம் புண்ணாக்கு ஒரு கைப்பிடி. கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துத் தெளிந்த தண்ணீரை நிறையத் தண்ணீரில் கலந்து ஊற்றலாம். யூரியா போட்டால் இலை பெரிசாகும், ஆனால் பறித்து வைத்தால் சீக்கிரம் அழுகும். வாயில் போடுகிற இலைக்கு எனக்கு அதில் இஷ்டமில்லை.

இனி நோய். பூச்சிகளை விட வாடல் நோய்தான் வெற்றிலைக்குப் பெரிய பகை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும். நேற்றுவரை நன்றாக இருந்த கொடியில் இலைகள் திடீரென்று தொங்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் விடுவோம், அது எரிகிற தீயில் எண்ணெய். தரையை ஒட்டின தண்டைப் பாருங்கள்: கறுத்து, தொட்டால் கொழகொழவென்று, மீன் நாற்றம் அடித்தால் அதுதான். அந்தக் கொடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும். எருக்குழியில் போடக் கூடாது. பக்கத்துக் கொடிகளைக் காப்பாற்ற போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி. இதை வீட்டிலேயே செய்யலாம்.

பத்து லிட்டருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) இருபத்தைந்து கிராம், நீறாத கல் சுண்ணாம்பு இருபத்தைந்து கிராம். இரண்டு பிளாஸ்டிக் வாளி எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு, அலுமினியம் ஆகாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றில் ஐந்து லிட்டர் தண்ணீரில் மயில்துத்தத்தைப் பொடித்துக் கரையுங்கள், நீலமாக இருக்கும். மற்றதில் சுண்ணாம்பை நீற்றி, ஆறவைத்து, ஐந்து லிட்டருக்கு நிரப்பி வடிகட்டுங்கள். பிறகு நீலத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் மெல்ல ஊற்றிக்கொண்டே குச்சியால் கலக்குங்கள். மாற்றி ஊற்றாதீர்கள், திரிந்துவிடும். வானம் நிறத்துக்கு வரும். பளபளவென்று தேய்த்த ஒரு இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் அதில் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு மாதிரி சிவப்பாகப் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். படியாமல் இருந்தால் சரி. அன்றைக்கே கொடிக்கு அரை லிட்டர் வீதம் அடியில், மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். இலையில் தெளிக்கக் கூடாது, நாம் தின்கிற இலை. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை மாதம் ஒரு முறை ஊற்றி வந்தால், நோய் வருமுன் காக்கலாம். ஊற்றின பிறகு பதினைந்து நாள் டிரைக்கோடெர்மா போடாதீர்கள், தாமிரம் அதையும் கொன்றுவிடும்.

கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். பக்தி என்றுதான் சொல்வார்கள். இந்த நோய் மண்ணிலும் தண்ணீரிலும்தான் பரவுகிறது, ஒரு இடத்துச் சேற்றைக் காலோடு இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோகாமல் இருப்பதற்கும் அது நல்ல பழக்கம். வீட்டிலும் அதைக் கடைப்பிடியுங்கள். மண்வெட்டியையும் கழுவிவிட்டுக் கொண்டுவாருங்கள்.

மாவுப்பூச்சி, செதில் பூச்சி வந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வேப்பெண்ணெயைக் காதி சோப்பில் கலக்கித் தெளித்தால் போதும். தெளித்து பத்து நாளைக்கு இலை பறிக்காதீர்கள்.

தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ மாடி வீட்டில் இருப்பவர்களும் வைக்கலாம். ஒன்றரை அடி ஆழத் தொட்டி, அடியில் ஓட்டை, ஓட்டையின் மேல் உடைந்த ஓடு. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒன்று, தேங்காய் நார்க் கழிவு ஒன்று. நடுவில் தேங்காய் நார் சுற்றிய கம்பு ஊன்றி, அந்த நாரைத் தினமும் நனைத்து வாருங்கள். பச்சை நிழல்வலை கட்டாயம். தொட்டியை வெறும் தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள், தளத்துச் சூடு வேரை வேகவைக்கும்.

தையில் நட்டால் ஆடிப்பெருக்கு வாக்கில் கொடி நெஞ்சு உயரம் வந்திருக்கும். அப்போது பறிக்க ஆரம்பிக்கலாம். கீழேயிருந்து மேலே போங்கள், நுனியில் நாலு இலையை எப்போதும் விட்டுவிடுங்கள். காலையில், பனி காய்ந்த பிறகு, கட்டைவிரல் நகத்தால் காம்போடு கிள்ளுங்கள். இழுத்துப் பிய்த்தால் கக்கத்து மொட்டும் சேர்ந்து வந்துவிடும். பறித்ததைக் கழுவாமல், ஈர வாழை இலையில் சுற்றி வைத்தால் ஒரு வாரம் வாடாது. பேரனுக்குச் சளி என்றால் இரண்டு இலை, நாலு மிளகு, ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பாதியாகச் சுண்டவிட்டுக் கொடுப்பேன். சாப்பிட்ட பிறகு சுண்ணாம்பு தடவி இலையை மட்டும் போடுவது என் வழக்கம். பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுக்கு வழி என்று நிரூபணமான விஷயம். அவற்றை வீட்டில் யாருக்கும் நான் கொடுப்பதில்லை.

அடுத்த வருஷம் பங்குனிக்குள் கொடி பத்தடி போயிருக்கும். உயரம் போகப் போக இலை சிறுக்கும், கீழே வெறும் தண்டாக நிற்கும். அப்போது இறக்கிக் கட்ட வேண்டும். முந்தின நாள் தண்ணீர் விடாதீர்கள், கொடி துவண்டு கொடுக்கும், ஒடியாது. மேலிருந்து கட்டுகளை அறுத்து, பற்றியிருக்கும் வேரை மெல்ல விலக்கிக் கொடியை இறக்குங்கள். இலை இல்லாத அடித்தண்டை மரத்தடியில் வளையமாகச் சுருட்டி வைத்து, மேலே புது வண்டலும் எருவும் நாலு விரல் கனத்துக்கு மூடுங்கள். நுனிப் பக்கம் ஒன்றரை அடியை மட்டும் வெளியே விட்டு மறுபடி மரத்தில் கட்டுங்கள். நிறையத் தண்ணீர் விட்டு, கீற்று மறைப்பையும் திரும்ப வையுங்கள். மூடின கணுக்களிலிருந்து ஒரு மாதத்தில் புதுத் தளிர்கள் வரும். அவற்றில் வலுவானதாக இரண்டு மூன்றை மட்டும் மரத்தில் ஏற்றிவிட்டு, மற்றதைக் கிள்ளிவிடுங்கள். புது இலை உள்ளங்கை அகலம் வரும்வரை அந்தக் கொடியில் பறிக்க வேண்டாம்.